ஒரு வெட்டா, இரண்டு வெட்டா?

1

மலேசியாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் நிறைந்த வாரத்தில் என் வலது கைக்குள் ஒரு நாண் அறுந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கையைக் கட்டிப்போட்டு ஒரு மனிதனை உட்கார வைத்தால், சம்பந்தமில்லாததையெல்லாம் முடிச்சுப் போட அவனுக்குத் தோன்றத்தான் செய்யும். எனக்கு உட்காரத் தெரியாது. ஐந்து மாதம் உட்கார்ந்தேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

லுக்குட் என்ற சிற்றூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டம். அதன் பட்டறையில் நான் பிட்டர். டிராக்டர், குலை ஏற்றும் லாரி, தண்ணீர் பம்பு என்று எது நின்றுபோனாலும் என்னைத்தான் தேடுவார்கள். அருப்புக்கோட்டையில் அண்ணன் செல்வராசுவின் லேத் பட்டறையில் கற்ற வேலை. இங்கே வந்த புதிதில் "அந்தத் திருப்புளிய எடுங்க" என்றேன். ஒருவருக்கும் புரியவில்லை. கையால் முறுக்கிக் காட்டியதும், "ஓ, ஸ்குரூ டிரைவரா லா!" என்று, பேச்சுக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் இந்த ஊர் 'லா'வோடு, பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குத் திருப்புளி அண்ணன் என்று பெயர். கோபப்பட்டுப் பார்த்தேன், பெயர் போகவில்லை.

அன்று காலை ஒரு டிராக்டரின் பழைய பேட்டரியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். கூடத் தூக்கியவருக்குக் கை வழுக்கிவிட்டது. பேட்டரி முழுதாக என் பக்கம் சாய்ந்தது. விட்டுவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். விழுகிற சாமானை விட்டுவிட்டு ஒதுங்க எந்தப் பிட்டருக்கு மனம் வரும்? பிடித்தேன். முழங்கை மடிப்பில் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் புஜத்துச் சதை மேலே சுருண்டு எலுமிச்சம்பழம் போல் நிற்கிறது.

வலி இரண்டு நாளில் அடங்கிவிட்டது. அதுதான் என்னை ஏமாற்றியது. கை மடங்கியது, சோறு பிசைய முடிந்தது, மோட்டார் சைக்கிள்கூட ஓட்டினேன். ஆனால் உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்ப வலு இல்லை. வலது கையால் ஒரு திருகாணியை இறுக்குவது என்றால் கை அந்தப் பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். கழற்றுவதற்குத் திரும்புகிற பக்கம் சரியாக இருந்தது. அதாவது எதையும் கழற்ற முடிந்தது, எதையும் இறுக்க முடியவில்லை. கழற்ற மட்டும் தெரிந்த பிட்டரை வைத்துக்கொண்டு எந்தப் பட்டறை என்ன செய்யும்? பயமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை.

2

ஏன் உடனே மருத்துவமனைக்குப் போகவில்லை என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். அண்ணனும் கேட்டார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மனைவி தேவகி இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தாய்மாமன் நாராயணன் ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது வெளிக்காட்டு ஆட்களை மேய்த்த மேற்பார்வையாளர். அதைவிட அவர் பெயர் பெற்றது சுளுக்கு உருவுவதில். குலை தூக்கிப் பிடித்துக்கொண்ட தோளும் இடுப்பும், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில், முதலில் போய் நிற்பது அவர் வாசலில்தான். வீங்கினால் முதலில் மாமா, அதற்கப்புறம்தான் டாக்டர். இது எழுதாத சட்டம்.

நானோ தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை. இத்தனை வருடம் ஆகியும் அந்தக் குடும்பத்தில் எனக்கு 'ஊர்க்காரர்' என்றுதான் பெயர். நான் காபிக்குச் சீனி வேண்டாம் என்று சொன்னால்கூட, ஊர்க்காரருக்கு நம்ம வீட்டுக் காபி ஆகவில்லை என்று பேச்சு வரும். அப்படியிருக்க, மாமாவே தைலக் குப்பியோடு வீடு தேடி வந்து நின்றார்.

"கைய நீட்டுங்க," என்றாள் தேவகி மெதுவாக. "வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் எங்க ஆளுங்க முன்னால நான் தல காட்ட முடியாது."

நீட்டினேன். மாமா தடவிப் பார்த்தார்.

"நரம்பு பொரண்டிருக்கு மாப்புள. பயப்படாதீங்க லா. பதினஞ்சு நாள் உருவினா சரியா போயிரும்."

"சதை மேல ஏறி நிக்குதே மாமா?"

"அதான் சொல்றேன். பொரண்டதால ஏறியிருக்கு. உருவி எறக்கிருவோம்."

தினமும் சாயங்காலம் வந்து உருவினார். அவர் அன்பில் நான் குறை சொல்ல மாட்டேன், தன் முட்டி வலியையும் பாராமல் தரையில் உட்கார்ந்து உருவினார். ஆனால் அறுந்த பெல்ட்டைத் தடவிக் கொடுத்தால் ஒட்டுமா என்று ஒரு நாள்கூட நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மெஷினாக இருந்தால் முதல் நாளே திறந்து பார்த்திருப்பேன். என் உடம்பு என்றதும் மரியாதை பார்த்துக்கொண்டு பதினைந்து நாளைத் தொலைத்தேன்.

கண்டுபிடித்தது என் மகள் ஷாமினி. சிரம்பானில் டிப்ளமா முடிக்கும் தறுவாயில் இருந்தாள். ஒரே வீட்டில் இருந்தாலும் அவளை நான் பார்ப்பது அபூர்வம். காலையில் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு போவாள், திரும்பி வந்ததும் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். தமிழில் ஒரு கேள்வி கேட்டால் ஆங்கிலத்தில் பாதி, மலாயில் பாதி என்று பதில் வரும். அன்று தண்ணீர் எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"அப்பா, ரெண்டு கையையும் மடக்கிக் காட்டுங்க."

காட்டினேன். கைப்பேசியில் படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "இது சுளுக்கு இல்ல. நாளைக்கு ஹாஸ்பிட்டல் போறோம். டோன்ட் ஆர்கியூ லா."

3

சிரம்பானில் அரசு மருத்துவமனை. எலும்புப் பிரிவில் எங்களைப் பார்த்தவர் டாக்டர் அசிசா என்ற மலாய்ப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். முழங்கையை மடக்கி உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னார். ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல் வளைத்து முழங்கை மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே இழுத்தார். இடது கையில் அந்த விரல் இறுகலான ஒரு கயிற்றில் மாட்டியது, எனக்கே தெரிந்தது. வலது கையில் ஒன்றிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்கேன் எடுக்கும் முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எத்தனை நாள் ஆயிற்று?" என்று மலாயில் கேட்டார்.

"பதினேழு."

"நடுவில் என்ன செய்தீர்கள்?"

நான் மகளைப் பார்த்தேன். "ஊருட்," என்றாள் ஷாமினி. மலாயில் உருவி விடுவதற்கு அதுதான் சொல். டாக்டர் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெருமூச்சு விட்டு, "என் அப்பாவும் இப்படித்தான்," என்றார்.

பிறகு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். புஜத்துச் சதையைக் கீழே முன்கை எலும்போடு கட்டுகிற நாண் எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டது. அப்படியே விட்டாலும் கை மடங்கும், அதற்கு வேறு சதை இருக்கிறது. ஆனால் திருப்புகிற வலுவில் பெரும்பகுதி திரும்ப வராது. கட்டுவதானால் சீக்கிரம் கட்ட வேண்டும். நாளாக ஆக அறுந்த நாண் மேலே சுருங்கிச் சுற்றியுள்ள சதையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இழுத்தால் எட்டாது, காலிலிருந்து ஒரு நாணை எடுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும். அடுத்த வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள் என்றார்.

கட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று, முழங்கைக்கு முன்னால் ஒரே வெட்டு. நாணின் முனையைத் தைத்து, எலும்பில் துளை போட்டு, ஒரு சின்ன உலோகப் பொத்தானை அதன் வழியாக மறுபுறம் தள்ளுவார்கள். அது குறுக்கே திரும்பி உட்கார்ந்துகொள்ளும். நூலை இழுத்தால் நாண் துளைக்குள் வந்து இறுகும். இன்னொன்று, முன்னால் ஒரு வெட்டு, முன்கையின் பின்பக்கம் ஒரு வெட்டு. பின்பக்கத்து வழியாக எலும்பில் சிறு துளைகள் போட்டு நாணை நூலாலேயே கட்டுவது. நாண் பிறந்த இடத்துக்கே அது போய்ச் சேரும், உலோகம் எதுவும் தேவையில்லை. முதலாவதில் முன்கைத் தோலுக்குப் போகும் நரம்பு இழுபட்டு மரத்துப்போகலாம், பெரும்பாலும் பிறகு சரியாகிவிடும். இரண்டாவதில் முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே வேண்டாத எலும்பு வளர்ந்து, கை திரும்புவதையே தடுக்கலாம். அது அபூர்வம், வந்தால் தொல்லை.

வெளியே வந்தால் படிவம். வேலையிடத்து விபத்து என்பதால் காப்புறுதிக்கு, நம் ஊரில் சொல்கிற இன்சூரன்சுக்கு, எழுதித் தர வேண்டுமாம். விபத்து நடந்த நாள், முதல் சிகிச்சை நாள். நடுவில் பதினேழு நாள் ஓட்டை. அதை விளக்க இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். தாய்மாமன், மரியாதை, தைலம் எல்லாவற்றையும் இரண்டு வரியில் எந்த மொழியில் எழுதுவது? ஷாமினி பேனாவைப் பிடுங்கி ஏதோ எழுதினாள். குடியுரிமைக் கட்டத்துக்கு வந்ததும், கேட்காமலே 'நிரந்தரவாசி' என்ற கட்டத்தில் கோடு போட்டாள்.

4

அண்ணனுக்கு வாட்ஸாப்பில் ஸ்கேன் படத்தை அனுப்பியது நான் செய்த அடுத்த வேலை. அனுப்பிய மறுநாளே அவர் அதை மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டார்.

"டேய் முருகேசா, ரெண்டு வெட்டுதான் சரிங்கிறாருடா. எங்க இருந்து பிஞ்சதோ அங்கயே கொண்டு போய்க் கட்டுறது. நாம பேரிங்க அதோட எடத்துலதான உக்கார வைப்போம்? கிட்டத்துல எங்கயாச்சும் வச்சு அடிச்சு விட்ருவமா?"

"இதுலயும் அதே எடத்துலதான்ணே வைக்கிறாங்க. முன்னால இருந்து கை வைக்கிறதால கொஞ்சம் தள்ளி உக்காரலாம், அவ்வளவுதான்."

"அந்தக் கொஞ்சந்தான்டா பின்னால ஆட்டம் குடுக்கும். சரி, அந்தப் பொத்தான் கழண்டுராமப் பிடிச்சுக்கிறதுக்குச் செக் நட்டு உண்டா?"

"கெடையாதுண்ணே. குறுக்கத் திரும்பி நின்னுக்கிடும்."

"அதிர்வுல திரும்பிக் கழண்டா?"

நியாயமான கேள்விதான். மறுநாள் ஸ்கேன் விவரம் கேட்கப் போனபோது டாக்டர் அசிசாவிடமே கேட்டேன். சிரித்துவிட்டார். பொத்தான் பிடித்துக்கொண்டிருப்பது கொஞ்ச காலத்துக்குத்தானாம். அதற்குள் நாணும் எலும்பும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும், அப்புறம் பொத்தானுக்கு வேலை இல்லை என்றார். இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் விடவில்லை. மூன்று நாள் தொடர்ந்து பேசினோம். துளையின் விட்டம் என்ன, நூல் எதனால் ஆனது, எலும்பு விரியாதா என்று ஒவ்வொன்றாக அலசினோம். எனக்கு அது பிடித்திருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் லேத் ஓட்ட, நான் எதிரில் நின்று அளவு சொன்ன காலத்துக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. ஆயுதபூசைக்கு மட்டும் கூப்பிட்டு, மழை உண்டா, உடம்பு எப்படி என்று முடித்துவிடுகிற பேச்சாகத்தான் பல வருடம் ஓடியது.

மூன்றாம் நாள் அவர் குரல் இறங்கியது. "கிளம்பி வாடா. பட்டற மாடில ரூம ஒழிச்சு வச்சுட்டேன். கட்டில் வாங்கிப் போட்டாச்சு. கை சரியாகுற வரைக்கும் இங்கன இரு. ஒம்பது வருசமாச்சு நீ வந்து."

"பார்க்கிறேண்ணே," என்றேன். "மொதல்ல எந்த வெட்டுன்னு முடிவு பண்ணுவோம்."

5

ஷாமினி ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தாள். இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் மூன்று பத்தியாகப் போட்டது. ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, ஒன்றும் செய்யாமல் விடுவது. வலு, திருப்பம், நரம்பு, எலும்பு, ஓய்வு என்று பக்கவாட்டில். சாப்பாட்டு மேசையில் விரித்து, விரல் வைத்துச் சொன்னாள். என் மகள் என்னோடு முழுதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினாள். கை அறுந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நொடி தோன்றியது.

"கடைசியில ரெண்டும் ஏறக்குறைய சேம்தான்ப்பா. அந்தந்த டாக்டருக்கு எது பழக்கமோ அதுதான் பெஸ்ட்டுன்னு போட்டிருக்காங்க."

"மதுர டாக்டர் ரெண்டு வெட்டுங்கிறாரு. பெரியப்பாவும் அதான் சொல்றாரு. நாம யோசிக்கணும்மா. அந்தப் பொத்தான் விசயத்துல..."

பட்டியலை மடித்து வைத்துவிட்டாள். "அப்பா, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஒங்க பாஸ்போர்ட் செத்து மூணு வருசம் ஆச்சு. ரின்யூ பண்ண ஃபாரம்கூட நான்தான் டவுன்லோட் பண்ணிக் கொடுத்தேன். அது இன்னும் அலமாரியிலயே கெடக்குது. இந்த வாரம் நீங்க எப்படி மதுரைக்குப் போவீங்க?"

நான் பட்டியலை மறுபடி விரிக்கப் போனேன்.

"போக முடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும் லா. பெரியப்பாகிட்ட அத சொல்லப் பிடிக்காமத்தான் ஒரு வெட்டு, ரெண்டு வெட்டுன்னு இழுத்துக்கிட்டே இருக்கீங்க. நாளு ஓடுது. நரம்பு சுருங்குது."

நரம்பு இல்லை, நாண் என்று திருத்த வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். அவள் சொன்னது அப்படியே உண்மை. வெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் வரையில் பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. இருபது வயதுப் பெண்ணிடம் கையும் களவுமாகப் பிடிபட்ட அவமானத்தில் எழுந்து வெளியே போனேன். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை மூன்று முறை சுற்றி வந்தேன். அப்புறம் அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இங்கயே செஞ்சுக்கிறேண்ணே. ஒரு வெட்டுதான்."

"கட்டில் வாங்கிட்டனேடா."

"தெரியும்ணே."

"ஒன்னப் பாத்துக்கிற எங்களுக்கு வக்கில்லன்னு நெனச்சுட்ட."

"அப்படி இல்லண்ணே. பாஸ்போர்ட் முடிஞ்சு போச்சு. மூணு வருசமாச்சு."

எதிர்முனையில் லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"மூணு வருசமா?" என்றார். "அப்ப வர்ற நெனப்பே இல்லாமத்தான் ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் அடுத்த வருசம் வர்றேன்னு சொன்னியா?"

இல்லை என்று சொல்ல நினைத்தேன். அழுதேன். அவருக்கு அது கேட்டிருக்கும்.

6

டாக்டர் அசிசாவிடம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் வைத்திருந்தேன். "உங்கள் கைக்கு எது பழக்கம்?" ஒரு வெட்டு, பொத்தான் என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கையை மட்டும் மரக்க வைத்துத்தான் செய்தார்கள். நடுவில் திரை கட்டியிருந்ததால் பார்க்க முடியவில்லை, கேட்க முடிந்தது. துளை போடும்போது யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். எலும்பு சூடாகக் கூடாது என்பதற்காக. எங்கள் பட்டறையிலும் அப்படித்தான் செய்வோம் என்று அரைமயக்கத்தில் தமிழில் சொன்னேனாம். யாருக்கும் புரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எப்படிச் சொல்வது? கையில் ஒரு கீல் வைத்த கட்டு. ஒரு குவளைத் தேநீருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. வீட்டில் எந்தத் திருகைப் பார்த்தாலும் தளர்ந்திருப்பதாகப் பட்டது. மின்விசிறி ஆடுகிறது, குழாய் சொட்டுகிறது, ஜன்னல் கொக்கி தொங்குகிறது. தேவகியின் பின்னாலேயே நடந்து எல்லாவற்றையும் காட்டினேன். "கண்ண மூடிக்கிட்டு ஒக்காருங்க லா, தயவு செஞ்சு," என்று கும்பிட்டாள். பட்டறைக்கு நடந்து போய், மற்றவர்கள் செய்யும் வேலைக்கு நின்று குறை சொன்னேன். மானேஜர் ஒரு நாள் தனியே கூப்பிட்டு, கை சரிவராவிட்டால் சாமான் கிடங்கில் உட்கார இடம் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். அவர் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முன்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு பட்டை மரத்துத்தான் போனது. பிறகு ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பியது. நாராயணன் மாமா ஒரு முறை வந்தார், தைலக் குப்பி இல்லாமல். "எனக்குத் தெரியாம போச்சு மாப்புள," என்றார். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும் மாமா," என்றேன். இருவரும் காபி குடித்தோம். அண்ணன் பத்து நாள் பேசவில்லை. அப்புறம் ஒரு காலையில் கூப்பிட்டு, வேறு எதுவும் கேட்காமல், "பொத்தான் எப்படி இருக்கு?" என்றார். இருக்குண்ணே என்றேன். அலமாரியில் கிடந்த அந்தப் பாஸ்போர்ட் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பியிருக்கிறேன். இதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. கையில் புது பாஸ்போர்ட் வந்த பிறகுதான் சொல்லப்போகிறேன்.

7

ஐந்தாம் மாதம் டாக்டர் இலேசான வேலைக்கு அனுமதி கொடுத்தார். எனக்கு வந்த முதல் வேலை பட்டறையில் இல்லை.

ஷாமினிக்குச் சிரம்பானில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே அம்பாங்கான் பகுதியில் தோழிகளோடு ஒரு வீடு எடுத்திருந்தார்கள், அதில் இவளுக்கு ஓர் அறை. லுக்குட்டிலிருந்து தினமும் போய் வரக்கூடிய தூரம்தான். சொல்லிப் பார்த்தேன். "ஜாம் லா அப்பா," என்றாள். போக்குவரத்து நெரிசல் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அவள் வயதில் நான் எத்தனை கடல் தாண்டத் துடித்தேன் என்பதை நினைத்து வாயைக் கட்டிக்கொண்டேன்.

நானும் தேவகியும் சாமான்களை இறக்கி வைத்ததும் ஷாமினி அறைக்கதவைக் காட்டினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. "அப்பா, ஒன்னு மாட்டிக் கொடுக்குறீங்களா? கை முடியுமா?"

தெருமுனைக் கடையில் நல்ல கனமான தாழ்ப்பாளாக வாங்கி வந்தேன். திருகாணிகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். முதல் சுற்றுகள் சும்மா ஓடின. கடைசிக் கால் சுற்றில்தான் என் கையின் கதை இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். உள்ளங்கை மேலே திரும்பியது. திருகாணியின் தலை மரத்தில் கடித்து இறுகியது. சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேவகி கையெடுத்துக் கும்பிட்டாள். மிச்சம் இருந்ததையெல்லாம் அதே மாதிரி, யாரும் கழற்ற முடியாதபடி இறுக்கினேன்.

"இரு, சோதிச்சுப் பார்ப்போம்," என்று வெளியே வந்தேன். ஷாமினி உள்ளே நின்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். வலது கையை வைத்துத் தள்ளினேன். அசையவில்லை. உடம்பை முழுக்கச் சாய்த்துத் தள்ளினேன்.

"ஸ்ட்ராங்கா இருக்குப்பா," என்றாள் உள்ளேயிருந்து. "போதும்."

கொஞ்சமாவது ஆட்டம் இருக்குமா என்று இன்னொரு முறை தள்ளிப் பார்த்தேன். இல்லை.